வழங்கி மென்பொருளில் நினைவக ஒதுக்கீட்டு மறுப்பு: கூறும் மறுப்பும் கூறா மறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

சொல்லடைவு, தொடரடைவு, அகராதி, மின்னூலகம் முதலியவற்றை இணையவழி அளிக்கும் வழங்கி மென்பொருள்கள், தம் பணிக்கு வேண்டிய நினைவகத்தை இயங்குதளத்திடம் கேட்டுப் பெறுகின்றன. கேட்ட இடம் கிடைக்காதபோது அம்மென்பொருள் என்ன செய்கின்றது என்பதைப் பொறுத்தே அது தரும் விடையின் நம்பகத்தன்மை அமைகின்றது. இக்கட்டுரை நினைவக மறுப்பின் நிலைகளை மூன்றாகப் பகுக்கின்றது. நிரலாக்க மொழிகளும் லினக்ஸ் இயங்குதளமும் அவற்றை உணர்த்தும் முறையை விளக்குகின்றது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல், ரெடிஸ், என்ஜின்எக்ஸ், எஸ்க்யூலைட் ஆகியவற்றின் நெறிகளை ஒப்பிட்டு, தமிழ்த் தரவுகளைக் கையாளும் வழங்கிகளுக்குப் பொருந்தும் முடிவுகளை முன்வைக்கின்றது.

திறவுச் சொற்கள்: நினைவக ஒதுக்கீடு, வழங்கி, மிகைவாக்கு, முன்வரம்பு, கைவிடும் எல்லை, ஒருங்குறி, தொடரடைவு.

முன்னுரை

ஒரு சொல் ஒரு நூற்றொகுதியில் எத்தனை இடங்களில் ஆளப்பட்டுள்ளது என்பதை இன்று ஆய்வாளர் பெரும்பாலும் கணினிவழியே அறிகின்றனர். தேடலுக்கு வந்த விடையில் நாற்பது இடங்கள் இருப்பின் ஆட்சி நாற்பது என்றும், ஓரிடமும் இல்லையெனின் அச்சொல் அத்தொகுதியில் ஆட்சி பெறவில்லை என்றும் முடிவு செய்கின்றனர். இம்முடிவுக்குப் பின்னே ஒரு நம்பிக்கை உள்ளது. வழங்கி தன் பணியை முழுமையாகச் செய்து முடித்தது என்பதே அது.

அந்நம்பிக்கை பொய்க்கும் வழிகளுள் ஒன்று நினைவகப் பற்றாக்குறையாகும். தேடலின் நடுவே நினைவகம் மறுக்கப்பட்டால் வழங்கி மூன்றில் ஒன்றைச் செய்யக்கூடும். தன்னால் இயலவில்லை என்று தெளிவாகக் கூறலாம்; முழுவதுமாக நின்றுபோகலாம்; அதுவரை திரட்டிய பகுதியை முழு விடைபோல் அளித்துவிடலாம். முதலிரண்டும் பயனருக்கு இடையூறு தருவன. மூன்றாவது ஆய்வையே பிழைபடுத்துவது. இடையூறு கண்ணுக்குத் தெரியும். குறைந்த எண்ணிக்கை தெரியாது. எனவே நினைவக மறுப்பைக் கையாளும் முறை கணினியாளர்க்கு மட்டும் உரிய நுட்பச் செய்தி அன்று. தரவுத் தொகுதிகளை உருவாக்குவோரும் பயன்படுத்துவோரும் அறிய வேண்டியதுமாகும்.

1. ஒதுக்கீடு நிகழும் முறை

இயங்கும் நிரல் ஒவ்வொன்றையும் செயல்முறை என்பர். செயல்முறை ஒவ்வொன்றுக்கும் இயங்குதளம் தனித்தனி மெய்நிகர் முகவரிப் பரப்பை அளிக்கின்றது. சி மொழியில் எழுதப்பட்ட நிரல் தனக்கு இடம் வேண்டும்போது 'மேலாக்' என்னும் செயற்கூற்றை அழைக்கும். அச்செயற்கூறு தன் கைவசம் உள்ள இடத்திலிருந்து தரும். போதாதபோது இயங்குதளத்திடமிருந்து மேலும் பெறும். இயங்குதளம் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்துக் கையாள்கின்றது. பொதுவான கணினிகளில் ஒரு பக்கத்தின் அளவு 4096 பைட்டுகள்.

இங்குக் கருத வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. முகவரி வழங்கப்படும் நேரமும், அம்முகவரிக்கு உரிய மெய்யான நினைவகம் இணைக்கப்படும் நேரமும் வேறுவேறானவை. நிரல் அவ்விடத்தில் முதன்முறை எழுத முற்படும்போதே இயங்குதளம் மெய்யான பக்கத்தை இணைக்கின்றது. பந்தியில் இலையிடுதலும் உணவு படைத்தலும் வேறுவேறு செயல்களாதல் போன்றது இது. இலை கிடைத்தமையால் உணவும் கிடைத்துவிட்டதாகக் கொள்ள இயலாது. ஒதுக்கீட்டு மறுப்புப் பற்றிய சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே தோன்றுகின்றன.

2. மறுப்பின் மூன்று நிலைகள்

'நினைவகம் நிரம்பிவிட்டது' என்னும் பொதுவழக்கு மூன்று வேறுபட்ட நிலைகளை ஒன்றாக்கிவிடுகின்றது. அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

முதலாவது கூறும் மறுப்பு. கேட்ட இடம் இல்லை என்று கேட்ட இடத்திலேயே நிரலுக்குத் தெரிவிக்கப்படுவது இது. நிரல் தொடர்ந்து இயங்கும். அடுத்துச் செய்ய வேண்டியதை அதுவே முடிவு செய்யலாம்.

இரண்டாவது கூறா மறுப்பு. கேட்டபோது இடம் உண்டு எனப்பட்டு, எழுத முற்படும்போது மெய்யான பக்கம் இல்லாமற் போவது இது. இந்நிலையில் நிரலுக்கு எவ்வறிவிப்பும் வாராது. இயங்குதளம் ஏதேனும் ஒரு செயல்முறையை வலிந்து நிறுத்தி இடம் தேடும். நிறுத்தப்படுவது இடம் கேட்ட செயல்முறையாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது வரம்பு மறுப்பு. கணினியில் இடம் இருந்தும், நிர்வாகியோ மென்பொருளோ முன்கூட்டி வகுத்த அளவைக் கடந்தமையால் இடம் தரப்படாமை இது. மூன்றனுள் திட்டமிட்டுக் கையாளத்தக்கது இதுவே என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

3. நிரலாக்க மொழிகள் மறுப்பை உணர்த்தும் முறை

சி மொழியில் மறுப்பு வெற்றுச் சுட்டியாக வரும். அதனைச் சோதித்தறிவது நிரலாளர் பொறுப்பு. சோதிக்காது பயன்படுத்தினால் நிரல் பெரும்பாலும் உடனே வீழும். முன்பு பெற்ற இடத்தை விரிவாக்கும் 'ரீஅலாக்' என்னும் செயற்கூற்றில் மேலும் ஒரு நுட்பம் உள்ளது. விரிவாக்கம் மறுக்கப்பட்டாலும் பழைய இடம் அப்படியே செல்லுபடியாகும். ஆனால் வந்த வெற்றுச் சுட்டியைப் பழைய சுட்டியின் மேலேயே எழுதிவிட்டால் பழைய இடத்தை அடையும் வழி அற்றுப்போகும். அதிலிருந்த தரவும் இழக்கப்படும். பற்றாக்குறையைக் கையாள எழுதிய வரியே நினைவகக் கசிவுக்கு வழியாகிவிடும்.

சி பிளஸ் பிளஸ் மொழியில் மறுப்பு விதிவிலக்காக எழுப்பப்படும். ஜாவாவில் 'அவுட் ஆஃப் மெமரி எர்ரர்' என்னும் பிழை எழும். இது ஜாவாவின் பொது விதிவிலக்கு வகையைச் சார்ந்தது அன்று. ஆகவே பொது விதிவிலக்குகளைப் பிடிக்கும் நிரற்பகுதி இதனைப் பிடிப்பதில்லை. பிழை நேர்ந்த இழை மட்டும் முடிவுற்று, ஏனைய இழைகள் இயங்கிக்கொண்டிருக்கும் அரைகுறை நிலை ஏற்படலாம். மேலும், மறுக்கப்பட்ட இழையே மிகுதியாக இடம் கொண்ட இழை என்று கொள்ளுதலும் தவறு. மற்றோர் இழை இடத்தை நிரப்பியபின் சிறிதளவு கேட்ட இழைக்கும் மறுப்பு வரும்.

பைத்தான் மொழியின் நிலை வேறு. அதன் 'மெமரி எர்ரர்' பொது விதிவிலக்கு வகையைச் சார்ந்தது. தொடரடைவுத் தேடலில் ஆட்சி இடங்களை ஒரு பட்டியலில் திரட்டும் சுழற்சியை எண்ணுக. எப்பிழை வரினும் பொருட்படுத்தாது மேற்செல்லுமாறு அதனைச் சுற்றி ஒரு பொதுப் பிடிப்பு எழுதப்பட்டிருப்பின், நினைவக மறுப்பும் அப்பிடிப்பில் விழுந்து மறையும். அதுவரை திரண்ட பட்டியல் முழுமையான விடையாக வெளியேறும். முன்னுரையில் கூறிய மூன்றாவது நிலை இவ்வாறே உருவாகின்றது. கூறும் மறுப்பாக வந்ததை நிரலாளரே கூறா மறுப்பாக மாற்றிவிடும் இடம் இது.

கோ மொழியில் நினைவகம் தீர்ந்தால் நிரல் முழுவதும் நின்றுவிடும். மீட்கும் வாய்ப்பு இல்லை. ரஸ்ட் மொழியிலும் இயல்பான நடைமுறை நிறுத்தமே. எனினும் 2021 ஆம் ஆண்டில் நிலைபெற்ற 'டிரை ரிசர்வ்' செயற்கூறுவழி, மறுப்பை ஒரு விளைவாகப் பெற்று ஆராயவும் அம்மொழி இடந்தருகின்றது.

4. லினக்ஸின் மிகைவாக்கும் இருவேறு பரிந்துரைகளும்

லினக்ஸ் தன்னிடம் உள்ள நினைவகத்தைவிட மிகுதியான இடத்தைச் செயல்முறைகளுக்கு வழங்குவதாக ஏற்கும். இதனை மிகைவாக்கு எனலாம். நிரல்கள் கேட்ட இடம் முழுவதையும் பயன்படுத்துவதில்லை என்னும் பட்டறிவே இதற்கு அடிப்படை. இவ்வமைப்புக்கு மூன்று நிலைகள் உண்டு. இயல்பான 0 என்னும் நிலையில், வெளிப்படையாக மிகையான கோரிக்கைகள் மட்டும் மறுக்கப்படும். 1 என்னும் நிலையில் மிகைவாக்கு எப்போதும் ஏற்கப்படும். 2 என்னும் நிலையில் கண்டிப்பான கணக்கு வைக்கப்படும். ஸ்வாப் பரப்பின் அளவோடு மெய்யான நினைவகத்தின் ஒரு விழுக்காட்டைக் கூட்டி வரும் தொகையே இதன் எல்லை. அவ்விழுக்காடு இயல்பாக 50 ஆகும். சான்றாக, 16 ஜிகாபைட்டு நினைவகமும் 4 ஜிகாபைட்டு ஸ்வாப் பரப்பும் உள்ள கணினியில் எல்லை 12 ஜிகாபைட்டு.

மிகைவாக்கு காக்கப்பட இயலாதபோது 'ஓஓஎம் கில்லர்' எனப்படும் கெர்னல் கூறு செயல்பட்டு, மதிப்பெண் அடிப்படையில் ஒரு செயல்முறையைத் தேர்ந்து அழிக்கின்றது. நிர்வாகி ஒவ்வொரு செயல்முறைக்கும் −1000 முதல் 1000 வரை திருத்தமதிப்பு வழங்கலாம். −1000 பெற்ற செயல்முறை தேர்விலிருந்து விலக்கப்படும்.

இதே அமைப்பைப் பற்றி இரு வழங்கி மென்பொருள்கள் எதிரெதிரான பரிந்துரைகளைத் தருகின்றன. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் ஆவணம் 2 என்னும் கண்டிப்பான நிலையைப் பரிந்துரைக்கின்றது; ரெடிஸின் ஆவணம் 1 என்னும் நிலையைப் பரிந்துரைக்கின்றது. இம்முரண் அவற்றின் அகவமைப்பிலிருந்து பிறப்பது.

போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் ஒவ்வோர் இணைப்பும் தனிச் செயல்முறையாகும். அச்செயல்முறைகள் பொது நினைவகம் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. கூறும் மறுப்பு வரின், நடப்பிலுள்ள பரிமாற்றம் மட்டும் 53200 என்னும் பிழைக்குறியீட்டுடன் கைவிடப்படும், இணைப்பு நிலைத்திருக்கும், ஏனைய பயனர்க்குப் பாதிப்பு இல்லை. மாறாக, ஓர் இணைப்பின் செயல்முறை வலிந்து அழிக்கப்பட்டால், பொது நினைவகம் சீர்கெட்டிருக்கலாம் என்னும் ஐயத்தால் தலைமைச் செயல்முறை எல்லா இணைப்புகளையும் முறித்து மீண்டும் தொடங்கும். உறுதிசெய்யப்பட்ட தரவு முன்னெழுதும் பதிவேட்டிலிருந்து மீட்கப்படும். நடந்துகொண்டிருந்த பணிகள் அனைத்தும் இழக்கப்படும். எனவே, இம்மென்பொருள் கூறும் மறுப்பையே விரும்புகின்றது.

ரெடிஸ் தன் தரவு முழுவதையும் நினைவகத்திலேயே கொண்டது. அதனை வட்டில் சேமிக்கும்போது தன்னைப் போன்ற ஒரு சேய்ச் செயல்முறையைப் பிறப்பிக்கின்றது. இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்வதால், மாற்றம் நேரும் பக்கங்களுக்கு மட்டுமே புதிய இடம் தேவைப்படும். ஆனால் கண்டிப்பான கணக்கில் சேயின் பரப்பும் முழுமையாக எண்ணப்படும். மேற்கூறிய கணினியில் ரெடிஸ் 10 ஜிகாபைட்டுத் தரவு கொண்டிருப்பின், கணக்கு 20 ஜிகாபைட்டாகி 12 ஜிகாபைட்டு எல்லையைக் கடக்கும். சேய் பிறப்பதே மறுக்கப்படும். ஆகவே, அது மிகைவாக்கை வேண்டுகின்றது. அதற்கு ஈடாகத் தரவின் பேரளவைத் தானே வரையறுத்துக்கொள்ளும் அமைப்பையும் பெற்றுள்ளது. வரம்பை எட்டியபின் புதியன எழுதும் கட்டளைகளைப் பிழை கூறி மறுக்குமாறோ, பழையனவற்றை நீக்கி இடமளிக்குமாறோ அதனை அமைக்கலாம். இயங்குதளத்தின் கூறும் மறுப்பை விடுத்து, தன் வரம்பு மறுப்பை அது கைக்கொள்கின்றது எனலாம்.

இவ்விரண்டையும் ஒரே கணினியில் நிறுவும் சிறு நிறுவனங்கள் இம்முரணை அறிந்திருத்தல் வேண்டும். கணினிக்கு உள்ள அமைப்பு ஒன்றே. ஒருவர்க்கு ஏற்றது மற்றவர்க்கு ஏலாது.

5. எதிர்கொள்ளும் நெறிகள்

5.1 கைவிடும் எல்லை

மறுப்பு நேர்ந்த வரியிலேயே அதனைச் சரிசெய்ய முயலுதல் பெரும்பாலும் பயன்தராது. ஆயிரக்கணக்கான ஒதுக்கீட்டு இடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்றுவழி எழுதுதல் அரிது. எதனைக் கைவிடலாம் என்பதை முன்கூட்டி வரையறுப்பதே தக்கது. வழங்கியில் அவ்வெல்லை இயல்பாகவே அமைந்துள்ளது. ஒரு பயனரின் ஒரு கோரிக்கையே அது. என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி நினைவகத் தொகுப்பு ஒன்றைத் தருகின்றது. கோரிக்கை முடிந்தாலும் முறிந்தாலும் தொகுப்பு முழுவதும் ஒருசேர விடுவிக்கப்படும். நடுவில் மறுப்பு நேரின், அக்கோரிக்கைக்கு 500 என்னும் பிழைவிடை தந்து தொகுப்பை விடுவித்தால் போதும்.

5.2 மறுப்பைக் கூறுவதற்கான சேமஒதுக்கம்

மறுப்பைக் கூறவும் நினைவகம் வேண்டும். பிழைச்செய்தியை உருவாக்கவும் பதிவேட்டில் எழுதவும் இடம் இல்லையெனின், மறுப்பு கூறப்படாமலேயே போகும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் பிழை அறிவிப்புக்கெனக் குறைந்தது 8 கிலோபைட்டு இடத்தை எந்நேரமும் தனியே வைத்திருக்கின்றது. அளவு சிறிது, எனினும், வழங்கி வாய்பேசாது வீழாமல் காப்பது இதுவே.

5.3 முன்வரம்பு

ஒரே நேரத்தில் ஏற்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, ஒரு கோரிக்கையின் பேரளவு, ஒரு விடையில் இடம்பெறும் பதிவுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வரையறுத்தல் முன்வரம்பாகும். இவற்றின் பெருக்கற்பலன் கணினியின் நினைவகத்துள் அடங்கல் வேண்டும். வரம்பு கடந்த கோரிக்கைக்கு 503 என்னும் விடையையும், எவ்வளவு நேரம் கழித்து மீளக் கேட்கலாம் என்னும் குறிப்பையும் தரலாம். லினக்ஸின் சி-குரூப் இரண்டாம் பதிப்பு இதற்கு இரு அடுக்குகளை அளிக்கின்றது. தாழ்ந்த அடுக்கைக் கடந்த செயல்முறைக் குழுவின் வேகம் தாழ்த்தப்பட்டு, அதன் நினைவகம் மீட்க முயலப்படும். உயர்ந்த அடுக்கை எட்டியபின் மீட்க இயலாதெனின், அழிப்பு அக்குழுவுக்குள்ளேயே நிகழும். இதனால் ஒரு பணியின் மிகை, தொடர்பில்லாத பணிகளைத் தாக்காது.

5.4 வீழ்ந்து எழும் அமைப்பு

எவ்வளவு காப்பினும் கூறா மறுப்பு முற்றிலும் நீங்காது. ஆகவே, எக்கணத்தில் வீழினும் தரவு கெடாது மீளத் தொடங்கும் வகையில் வழங்கி அமைதல் வேண்டும். ஜார்ஜ் கேண்டியா, அர்மாண்டோ ஃபாக்ஸ் ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்தாக்கம் இதனை வலியுறுத்துகின்றது. மென்பொருளை நிறுத்தும் வழி வீழ்ச்சி ஒன்றே, தொடங்கும் வழி மீட்பு ஒன்றே என அமைத்துவிட்டால், அரிதாகவே இயங்கும் தனிமீட்புப் பாதை என ஒன்று தேவைப்படாது என்பது அவர்தம் கருத்து. எனினும், எல்லா மறுப்புக்கும் வீழ்ச்சியே விடை எனக் கொள்ளலாகாது. ஒரு பயனரின் மிகையான கோரிக்கைக்காக ஏனைய அனைவரின் பணியும் முறிதல் முறையன்று. கோரிக்கை எல்லையில் கைவிடுதல் முதற்காப்பு. வீழ்ந்து எழுதல் இறுதிக்காப்பு.

6. மறுப்பைச் சோதிக்கும் முறை

மறுப்பு அரிதாக நிகழ்வதால், அதனைக் கையாளும் நிரற்பகுதி பெரும்பாலும் சோதிக்கப்படாமலேயே கிடக்கும். எஸ்க்யூலைட் வழங்கி அன்று. பிற மென்பொருளினுள் அமையும் தரவுத்தளம். எனினும் அதன் சோதனை முறை வழங்கிகளுக்கும் பொருந்துவது. ஒரு பணியின் முதல் ஒதுக்கீட்டைச் செயற்கையாக மறுத்து, விளைவு சீராக உள்ளதா எனப் பார்ப்பர். பின்னர் இரண்டாவதை, அடுத்து மூன்றாவதை என ஒவ்வொன்றாக மறுத்து, மறுப்பின்றிப் பணி முடியும்வரை தொடர்வர். ஒருமுறை மட்டும் மறுத்தும், ஒன்றை மறுத்தபின் தொடர்ந்து எல்லாவற்றையும் மறுத்தும் இருவகையாக இச்சோதனை நிகழ்த்தப்படும். தொடரடைவு வழங்கிக்கு இதனைப் பொருத்துங்கால் சோதிக்க வேண்டுவது ஒன்றே. எந்த ஒதுக்கீடு மறுக்கப்படினும் முழு விடை அல்லது பிழைவிடை வர வேண்டும். குறைவிடை வருதல் கூடாது.

7. தமிழ்த் தரவுக்குரிய கணக்கு

முன்வரம்பு வகுக்கத் தரவின் அளவை அறிதல் வேண்டும். எழுத்து என்னும் இலக்கண அலகும் பைட்டு என்னும் கணினி அலகும் தமிழில் பெரிதும் வேறுபடுகின்றன. 'தொல்காப்பியம்' என்னும் சொல்லில் எழுத்துகள் ஏழு. ஒருங்குறியில் அதன் குறியீட்டெண்கள் பதின்மூன்று. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டெண்ணும் மூன்று பைட்டுகள் கொள்வதால் அச்சொல்லின் அளவு 39 பைட்டுகள். ஒகரக் குறியை ஒற்றைக் குறியீட்டெண்ணாக எழுதாது எகரக்குறி, கால் என இரண்டாகப் பிரித்து எழுதியிருப்பின் அளவு 42 ஆகும். திரையில் இரண்டும் ஒன்றே. எழுத்தெண்ணிக்கையைக் கொண்டு இடம் கேட்கும் நிரல் ஐந்து மடங்குக்கு மேல் பிழைபடும்.

நினைவகத்துள் சேமிக்கும் முறையும் கருதத்தக்கது. பைத்தான் 3.3 முதலும் ஜாவா 9 முதலும், இலத்தீன் எழுத்துகள் மட்டும் அமைந்த சரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட்டே செலவாகும். அச்சரத்தில் ஒரு தமிழ் எழுத்து புகுந்தாலும் அனைத்துக்கும் இரண்டிரண்டு பைட்டுகள் தேவைப்படும். இலத்தீன் எழுத்திலான குறிச்சொற்கள் மிகுந்த அகராதிக் கோப்பின் பதிவுகள் இவ்வாறு ஏறக்குறைய இருமடங்காகப் பெருகும். மேலும், 60 மெகாபைட்டு அளவுள்ள தனித்தமிழ்க் கோப்பை ஒருசேரப் படித்து மாற்றுங்கால், மூலம் 60, மாற்றிய சரம் 40 என உச்சத்தேவை 100 மெகாபைட்டாகும். இடைவெளியும் நிறுத்தக்குறியும் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. இருபது பயனர் ஒரே நேரத்தில் இப்பணியைத் தொடங்கின் 2000 மெகாபைட்டு வேண்டும். கோப்பைச் சிறுசிறு பகுதிகளாகப் படித்துச் செயற்படுத்தினால் இத்தேவை பெரிதும் குறையும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. நினைவக மறுப்பு ஒரே தன்மையதன்று. கூறும் மறுப்பு, கூறா மறுப்பு, வரம்பு மறுப்பு என மூன்றாகப் பகுத்தே அதனைக் கையாளுதல் வேண்டும்.

2. லினக்ஸில் வெற்றுச் சுட்டியைச் சோதித்தல் இன்றியமையாதது, ஆயினும் போதுமானதன்று. மிகைவாக்கின் காரணமாகப் பல மறுப்புகள் அச்சோதனைக்கு அகப்படுவதில்லை.

3. கூறா மறுப்பை வரம்பு மறுப்பாக மாற்றும் முன்வரம்பே வழங்கிக்கு முதன்மையான காப்பு. அவ்வரம்பு எழுத்தெண்ணிக்கையில் அன்றிப் பைட்டளவில் அமைதல் வேண்டும்.

4. கைவிடப்படுவது ஒரு கோரிக்கையாக இருத்தல் வேண்டும். அதற்குரிய நினைவகம் முழுவதும் ஒருசேர விடுவிக்கப்படுதல் வேண்டும்.

5. தொடரடைவும் சொல்லடைவும் அளிக்கும் வழங்கிகள், ஒவ்வொரு விடையோடும் தேடல் முழுமையுற்றதா என்னும் குறிப்பை இணைத்தல் வேண்டும். அக்குறிப்பில்லாத விடையைக் கொண்டு ஒரு சொல்லுக்கு ஆட்சி இல்லை என முடிவு கட்டுதல் ஆய்வாளர்க்கு ஏற்றதன்று.

இவற்றுள் ஐந்தாவது, நிரலாளரும் தமிழாய்வாளரும் கூடிச் செய்ய வேண்டியது. முழுமைக் குறிப்பை வழங்கி அளித்தாலும் அதனை நோக்கும் வழக்கம் ஆய்வுநெறியில் இடம்பெற்றாலன்றிப் பயன் விளையாது. அச்சுப் பதிப்பில் பாடம் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டிய பதிப்பு மரபு தமிழில் உண்டு. மின்தொகுதிகளின் விடைகளிலும் அம்மரபு தொடர்தல் வேண்டும்.